பாதி தமிழ், பாதி ஆங்கிலம்!

இலுப்பூரில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரும் இன்டர்நெட் வழியே வெளிநாட்டு நண்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு ஆங்கிலம் கற்கலாம். ஆனால் நம்மவர்கள் பலர் முழு நேரமும் ஆங்கிலத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். இது நியாயமே இல்லை. 1990களில் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த ‘டான்டெம்’ மின்னஞ்சல் முறையில், ஒவ்வொரு கடிதமும் பாதி தாய்மொழி, பாதி கற்கும் மொழி. அரட்டையிலும் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே பிரியுங்கள்.

‘வருகிறீர்களா’ மட்டும் கற்றுக்கொண்டவர் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் திண்டாடுவார், ‘வர்றீங்களா’வையும் சொல்லுங்கள். எத்தனை பிழை திருத்தலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எடுத்த எடுப்பில் போட்டோ, செல்போன் நம்பர் கேட்காதீர்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் லண்டனில் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. வர முடியாத நாளில் ஒரு வரி தட்டிவிடுங்கள், பாவம், அங்கே ஒருவர் காத்திருப்பார்.