மறதியுற்ற பெரியவர்க்கு ஒரு துணை



நம் சங்கத்தார் பலரும் அறிந்த பெரியவர் அவர். தில்லிக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அரசு அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், மனைவியார் காலமானபின் தனியே வாழ்கிறார், மகன் அயல்நாட்டில். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, கரோல்பாக் கடைத்தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். கடைக்காரர் இந்தியில் வினவ, இவர் தமிழிலேயே விடை கூறிக்கொண்டிருந்தார். நவம்பரில் உயிர்ச்சான்று தர மறந்ததால் ஓய்வூதியமும் நின்றிருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

“முதுமையில் மறதி இயல்புதானே” என்று நாம் இருந்துவிட்டோம். அது பிழை. ஒருவர் பெயர் மறந்து, சற்றுப் பின் நினைவுக்கு வருதல் முதுமை. பழகிய தெருவில் வழி தவறுதலும், கட்டிய கட்டணத்தையே மீண்டும் கட்டுதலும், அடுப்பை அணைக்க மறத்தலும் நோயின் அறிகுறியாகலாம். தைராய்டுக் குறை, பி-12 சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, சில தூக்க மருந்துகள், விழுந்து அடிபட்டதால் தலைக்குள் கசிந்த இரத்தம் ஆகியவற்றாலும் இக்குழப்பம் நேரும். இவற்றுள் பல மருத்துவத்தால் சீராகத்தக்கவை. ஆதலின் காலம் தாழ்த்தலாகாது.

மறதிக்கு மருத்துவம் என்றால் பெரியவர் இசையார். “இரத்த அழுத்தம் பார்த்து வரலாம், வாருங்கள் ஐயா” என்று அழைத்துச் சென்றேன்; அதையும் பார்த்தோம். இன்று என்ன நாள் என்று மருத்துவர் இந்தியில் கேட்டார். மௌனம். அதையே நான் தமிழில் கேட்டேன். கிழமை சொன்னார், மாதம் சொன்னார், ஆண்டு மட்டும் தவறிற்று. பின்னாளில் கற்ற மொழி முந்தித் தளர, தாய்மொழி நெடுநாள் நிற்பது இந்நோயுற்ற பலரிடம் காணப்படுவதே. தமிழறிந்த துணை இல்லையேல், இருக்கும் அறிவும் இல்லையென்றே எழுதப்பட்டிருக்கும்.

சோதனையில் பி-12 குறைவு தெரிந்தது. ஊசி போட்டபின் சிறிது தெளிவு வந்தது, முழுதும் மீளவில்லை. மகனுக்கு உண்மையை மறைக்காது எழுதினோம். அவரும் வந்து சேர்ந்தார். உயிர்ச்சான்றுக்குத் தபால்காரரே வீடு தேடி வரும் வசதி இருந்தது.

நண்பராயினும் நமக்கு எல்லை உண்டு. வங்கி அட்டையையோ கையொப்பமிட்ட காசோலையையோ நாம் வாங்கி வைத்தலாகாது. உயில் எழுதுவதாயின் மனம் தெளிந்திருக்கும்போதே எழுதச் செய்தல் வேண்டும். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால், அதிகாரப் பத்திரமும் பயன்படாது போகும். பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தை நாடலாம். வழிகாட்டுதலுக்கு 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி உண்டு.

உங்கள் குடியிருப்பிலும் இத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். முகவரிச் சீட்டொன்றை இந்தியிலும் தமிழிலும் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். “நேற்றே சொன்னேனே” என்று கடியாதீர்கள். வாரம் ஒருமுறை சென்று, அமர்ந்து, தமிழில் பேசுங்கள். சொந்த ஊரைவிட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவினர் அல்லரோ!