‘பார்ட்ஸ்தானே’ என்று ஒதுக்க முடியாது

“துப்பாக்கி இருந்தாத்தானே கேஸு? பார்ட்ஸ் வெச்சிருந்தா என்ன பண்ணிட முடியும்?” சென்னை பெரம்பூர் டீக்கடையிலும் லேத்துப் பட்டறையிலும் மட்டுமல்ல, படித்தவர்கள் நடுவிலும் ஊறிப்போன நம்பிக்கை இது. முழுத் தவறு. ஒரு இளைஞனைப் பல வருடம் புழல் சிறையில் உட்கார வைத்துவிடக்கூடிய தவறு.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே இதைத் தீர்த்துவிட்டது. சுடும்போது வரும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைப்பதற்கென்று செய்த துணைக்கருவி, துப்பாக்கியின் பாகங்கள், அதைத் தயாரிப்பதற்கான எந்திரம் எல்லாமே அங்கே துப்பாக்கியாகவே கணக்கு. வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் வெறும் சைலன்சரை வைத்திருப்பவரும் சட்டத்தின் முன் துப்பாக்கி வைத்திருப்பவர்தான். “ஏர்கன்னுக்குத்தாண்ணே” என்ற சமாதானத்தையும் நம்பிவிட வேண்டாம். வெடிமருந்தால் சுடுவதை மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை, வேறு வகை ஆற்றலையும் சேர்த்தே சொல்கிறது. உரிமமில்லாமல் பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதையும், குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும் ஆறாம் பிரிவு தடுக்கிறது.

பெரம்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் காரணம் உண்டு. கேரேஜ் பட்டறை, லோகோ பட்டறை, 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று இரும்போடு வளர்ந்த ஊர் இது. குழாயைக் கடைந்து, மரை போட்டு, நூல் பிசகாமல் பொருத்தித் தரும் கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எனக்கு மிகப் பெரிய மரியாதை அந்தக் கைகள் மீதுதான். அந்தக் கைகளைத்தான் ‘பார்ட்ஸ்தானே’ என்ற பேச்சு ஏமாற்றுகிறது. உரிமமில்லாமல் துப்பாக்கி தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆர்டர் கொடுத்தவன் மறைந்துவிடுவான். கடைந்த லேத்து பட்டறையிலேயே நிற்கும். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் இதே பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, இங்கே சந்தேகத்துக்கிடமான ஓர் இரும்புத் துண்டைக் கண்டால் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டு போகும் என்று எதிர்பார்ப்பவர் யார்?

சட்டத்தில் குழப்பமே இல்லையா என்றால், இருக்கிறது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. எது சிறு பாகம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தூரத்தைக் குறிபார்க்கும் லென்ஸ், கைப்பிடி, தாங்குகால் ஆகியவற்றின் பெயரும் அதில் இல்லை. விமானப் பயணியின் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்குக்குள் கொண்டுவந்தது. 2014-ல் அதே நீதிமன்றம் இன்னொரு ஒற்றைத் தோட்டா வழக்கை ரத்து செய்ததற்கு முக்கியக் காரணம், அது தன் பையில் இருப்பது அந்த நபருக்குத் தெரியும் என்று காட்ட எதுவும் இல்லை என்பது. தெரிந்து வைத்திருப்பதுதான் குற்றம் என்பது 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன நெறி. இந்த டெல்லித் தீர்ப்புகளைக் காட்டித்தான் ‘கோர்ட்டே விட்டுடுச்சு’ என்கிறார்கள். அளவெடுத்து, கடைந்து, காசு வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று எந்தக் கூண்டில் நின்று சொல்வார்?

போதாக்குறைக்கு, ‘பார்ட்ஸ் தப்பில்லை’ என்று நம்பவைக்கும் அமெரிக்க வீடியோக்கள். 2017-ல் லாஸ் வேகாஸில் கூட்டத்தின் மீது சுடப் பயன்பட்ட, ‘பம்ப் ஸ்டாக்’ என்ற வேகமாகச் சுடவைக்கும் துணைக்கருவியை அந்நாட்டு அரசு தடை செய்தது. 2024 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அது அவர்களுடைய சட்டச் சொற்களை வைத்து நடந்த வழக்கு. இங்குள்ள செம்பியம் காவல் நிலையத்தில் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

உள்துறை அமைச்சகத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. எது சிறு பாகம், எதற்கு உரிமம் வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தமிழில் அச்சடித்துப் பட்டறைகளுக்குத் தர என்ன தடை? ஆயுள் தண்டனை வரை போகும் சட்டத்தை டீக்கடைப் பேச்சில் தெரிந்துகொள்ளும் நிலையில் தொழிலாளியை விடுவது அநியாயம்.

அந்தப் பட்டியல் வரும்வரை, ‘சும்மா ஒரு பார்ட்ஸ்’ என்று வரைபடத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். அவர் தன் துப்பாக்கி லைசென்ஸைக் காட்டினாலும் போதாது. ஐந்தாம் பிரிவின்படி, செய்து தருபவருக்கும் தனி உரிமம் வேண்டும்.