சிறையில் விரிந்த கீதை

பகவத் கீதை 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள் கொண்ட சிறு நூல். அதற்கு எழுந்த உரைகளுக்கோ கணக்கில்லை.

மாண்டலே சிறையில் திலகர் 'கீதா ரகசியம்' எழுதினார். 1915இல் அது அச்சேறியது. துறவைவிடச் செயலையே கீதை வற்புறுத்துகிறது என்பது அவர் வாதம். 1932இல் துலே சிறையில் வினோபா பாவே சக கைதிகளுக்கு ஞாயிறுதோறும் கீதை சொன்னார். போர்க்களத்தில் கண்ணனுக்கும் அர்ஜுனனுக்கும் இடையே நிகழும் உரையாடலான கீதையில் காந்தி அகிம்சையைக் கண்டார். அம்பேத்கரோ, நால்வருணத்துக்கு அது தத்துவ முட்டுக் கொடுக்கிறது என்று சாடினார்.

இத்தனை முரண்பட்ட வாசிப்புகளுக்கும் இடங்கொடுப்பதால்தான் கீதை இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கண்ணனே, நன்றாக ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு அர்ஜுனனிடம் முடிவை விட்டுவிடுகிறான்.

எனவே கீதையைப் பூஜையறையில் பட்டுத்துணி சுற்றி வைத்தால் போதாது. அம்பேத்கரின் விமர்சனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.