சாவிக்கொத்துக்குக் கிடைக்கும் நல்ல பெயர்

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் குரல் "இரும்பு ஏதாவது கொடுங்கப்பா!" என்பதுதான். யாரோ ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து, விறைத்த விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பார். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு நிற்கும். "பார்த்தீங்களா?" என்று சாவிக்காரர் பெருமையோடு நிமிர்வார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. பெரும்பாலும் அது ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். மண்டைக்குள் நடக்கும் மின்கோளாறை உள்ளங்கையில் இருக்கும் இரும்பு இழுத்துக்கொள்ளாது. சாவிக்குப் பதில் வாழைப்பழத்தைக் கொடுத்தாலும் அதே நேரத்தில்தான் நிற்கும்.

"கொடுத்தால் என்ன நட்டம்?" என்பார்கள். நட்டம் நிறைய. சாவி தேடும் அமளியில், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எச்சிலும் நுரையும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். கையை வலுக்கட்டாயமாகப் பிரித்தால் காயம் படும். பல்லிடுக்கில் கரண்டியைச் செருகினால் பல் உடையும். ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்காவிட்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்கத்தான் அங்கே ஆள் இருப்பதில்லை.

பெரிய நட்டம் அதற்குப் பிறகு வருகிறது. இரும்பிலேயே நின்றுவிட்ட நோய்க்கு டாக்டர் எதற்கு என்று குடும்பம் இருந்துவிடும். பெண்பிள்ளை என்றால் கல்யாணத்தை நினைத்து மூடி மறைக்கும். இத்தனைக்கும் இந்து திருமணச் சட்டம், மணமக்களுக்கான தடைகளின் பட்டியலிலிருந்து காக்காய் வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பினோபார்பிட்டால் என்ற மலிவான மாத்திரை 1912 முதலே புழக்கத்தில் இருக்கிறது.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கும் வழி உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு கொண்ட 116 சிறார்களை வைத்து டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. 57 பேருக்கு மூளையில் அறுவை சிகிச்சை. 59 பேருக்கு மருந்து மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 77 சதவீதம் பேர் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். இரண்டாவதில் வெறும் 7 சதவீதம். அறுவையால் சிலருக்குக் கை கால் பலவீனம் போன்ற பாதிப்புகளும் வந்தன. அவற்றையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

வகுப்பில் விழுந்த பிள்ளையின் கையில் சாவியை வைத்து, நின்றதும் முகம் கழுவிப் பாடத்துக்கு அனுப்பிவிடுகிற இடங்களில், அந்த 77 சதவீதத்தில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை நரம்பியல் மருத்துவரின் வாசலையே மிதிப்பதில்லை.