துளிநீருக்கு ஒரு கப்பல்

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் 1884ஆம் ஆண்டு சிறு பட்டறையாகத் தோன்றிய கப்பல் தளம், இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களைக் கட்டித் தந்துள்ளது. விடுதலை பெற்ற இந்தியா தானே கட்டிய முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய் 1961இல் இங்கிருந்துதான் கடற்படைக்குச் சென்றது. அத்தளத்துக்கு இப்போது வேறொரு பணி வாய்த்திருக்கிறது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்துக்காக ஏறத்தாழ 840 கோடி ரூபாய்ச் செலவில் கடலாய்வுக் கப்பலொன்றைக் கட்டும் ஒப்பந்தம் 2024 ஜூலையில் கையெழுத்தானது. நாட்டின் முதல் துருவ ஆய்வுக் கப்பலை வடிவமைக்க நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு 2025 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஏற்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும், பனியைப் பிளக்கும் இரும்பு உடலின் பெருமையில், அக்கப்பல் யாரைத் தேடிப் போகிறது என்பதை மறந்துவிடலாகாது.

அது தேடிப் போவது கண்ணுக்குத் தெரியாத உயிர்களை. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் நுண்தாவரங்களின் உழைப்பு. தென்துருவக் கடலில் மணற்சத்தால் ஓடு சமைத்துக்கொள்ளும் டயாட்டம் என்னும் நுண்தாவரங்களை, இறால் போன்ற கிரில் உண்கிறது. பெங்குவினும் திமிங்கிலமும் கிரிலை உண்டு வாழ்கின்றன. இந்தச் சங்கிலிக்கு அடியில் இன்னொரு சுழற்சியும் உண்டு. நுண்தாவரங்கள் கசியவிடும் கரிமப்பொருளைப் பாக்டீரியாக்கள் உட்கொள்ள, அவற்றைச் சிற்றுயிரிகள் உண்ண, வீணானதாக எண்ணியது மீண்டும் உணவாகிறது. லாகூரில் வளர்ந்த ஃபரூக் அஸாமும் அவருடன் ஆய்ந்தவர்களும் இந்நுண்ணுயிர்ச் சுழற்சியை 1983இல் எடுத்துரைத்த பின்னரே கடலின் வரவுசெலவுக் கணக்கு தெளிவடைந்தது.

இக்கணக்கை நேரில் சோதிக்க இந்தியா ஒருமுறை முயன்றது. 2009இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் வாஜிஹ் நக்வியும் ஜெர்மனியின் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமையேற்ற ‘லோஹாஃபெக்ஸ்’ ஆய்வில், தென்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டனர். இரும்பூட்டினால் நுண்தாவரம் பெருகும்; அது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு ஆழத்தில் அமிழும் என்பது எதிர்பார்ப்பு. பெருக்கம் நிகழ்ந்தது, அமிழ்வு மிகச் சொற்பம். அந்நீரில் மணற்சத்துக் குறைவாதலால் டயாட்டங்கள் தழைக்கவில்லை. தழைத்த பிற நுண்தாவரங்களைக் கோப்பிபாடு என்னும் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. புவி வெப்பத்துக்கு எளிய மருந்து கிடைத்ததென்ற நம்பிக்கையை அச்சிற்றுயிர்கள் அடக்கின. அந்த உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம், கப்பல் ஒரே நீர்ப்பரப்பை 39 நாள் பின்தொடர்ந்தது. அந்தக் கப்பல் ஜெர்மனியின் ‘போலார்ஸ்டெர்ன்’.

நமக்கு இல்லாதது அந்த 39 நாள்தான். 1981இல் புறப்பட்ட முதல் அந்தார்க்டிகாப் பயணம் நார்வேயின் ‘போலார் சர்க்கிள்’ கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சென்றது. அன்று தொடங்கிய வாடகை வழக்கம் இன்னும் தீரவில்லை. அங்குள்ள இந்திய ஆய்வு நிலையங்களான மைத்ரிக்கும் பாரதிக்கும் எரிபொருளும் உணவும் இறக்குவதே வாடகைக் கப்பலின் முதற்கடன்; நுண்ணுயிர் ஆய்வாளருக்கு அதில் மிஞ்சும் நேரமே பங்கு. ஆனால் துளிநீர் காத்திருக்காது. ஆழத்திலிருந்து குடுவையில் ஏறிய நீரை உடனே வடிகட்ட வேண்டும். தாமதித்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் குடுவைக்குள்ளேயே ஒன்றையொன்று தின்று, கடலில் இல்லாத ஒரு கூட்டம் உருவாகிவிடும். லிட்டர் கணக்கில் நீர் வடிந்தபின் வெண்ணிற வடிதாளில் எஞ்சுவது இளம்பழுப்பான ஒரு கறை. அதை உறையவைத்துக் கரை சேர்ப்பதற்குள் எத்தனையோ இரவுகள் கழிகின்றன.

துருவக் கப்பலுக்கு 1,051 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2014இலேயே இசைந்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் கப்பல் கடலைக் காணவில்லை. இனியும் காலம் கடத்துவது தகாது. கட்டி முடித்ததோடு கடமை தீர்ந்ததென்று கருதுவதும் தகாது. ஆண்டுதோறும் இத்தனை நாள் ஆய்வுக்கே உரியவை, சரக்குக்கு அல்ல என்று விதி எழுதப்பட வேண்டும். ஒரே கடற்பாதையில் ஒவ்வோர் ஆண்டும் மாதிரி எடுக்க வேண்டும்; ஓராண்டு அளவு செய்தி மட்டுமே, முப்பதாண்டு அளவுதான் சான்று. நுண்ணோக்கியில் இனம் பிரித்தறியும் கண்ணுடையோர் அருகி வருகின்றனர். அவர்களைப் பயிற்றவும் பணியமர்த்தவும் கப்பற் செலவோடு நிதி சேர்க்க வேண்டும்.

கப்பல் ஹூக்ளியில் இறங்கும் நாளில் மாலைக்கும் வாழ்த்துக்கும் குறைவிராது. அதன் காலடியில் கலங்கி ஓடும் அந்த ஆற்றுநீரிலும் டயாட்டங்கள் மிதந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நாடு பெருமை கொள்ளத்தக்க நாள் அதுவன்று. இந்தியக் கப்பலொன்று தென்கடலின் நடுவே, அவசரமின்றி, ஒரே நீர்ப்பரப்பைச் சுற்றி நாற்பதாவது நாளாக நிற்கும் நாளே அது.