‘வேகக் கட்டுப்பாட்டுக் கருவி’ என்னும் பிழைச்சொல்

பேருந்திலும் சரக்குந்திலும் பொருத்தப்படும் ஸ்பீடு கவர்னரைத் தமிழ் நாளேடுகள் ‘வேகக் கட்டுப்பாட்டுக் கருவி’ என்று எழுதுகின்றன. அங்கே அச்சொல் பொருந்தும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆம் விதி கேட்பது ஓர் உச்ச வரம்பை மட்டுமே. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் தடுத்துவிட்டால் கருவியின் கடமை முடிந்தது. பெட்ரோல் எஞ்சினால் பறக்கும் ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரின் கவர்னருக்கும் அதே சொல்லைச் சூட்டும்போதுதான் கேடு தொடங்குகிறது. சொல்லைக் கேட்ட மாணவரின் மனத்தில் கடிவாளம் தோன்றுகிறது. கடிவாளம் கற்றுக்குட்டிக்கு வேண்டும், கைதேர்ந்தவனுக்கு எதற்கு என்ற ஏளனம் அதன் பின்னே வருகிறது.

அக்கருவி செய்யும் வேலையைப் பார்த்தால் கடிவாளப் படிமம் ஒரு நொடியும் நிற்காது. இவ்வகை ஹெலிகாப்டர் மேலேறச் சுழலியின் வேகத்தைக் கூட்டுவதில்லை. இறக்கைகளின் சாய்வுக் கோணத்தையே கூட்டுகிறார்கள். கோணம் கூடினால் காற்றின் தடை கூடும், எஞ்சின் திணறும், சுற்று இறங்கும். அந்நேரத்தில் கவர்னர் திராட்டிலைத் திறக்கிறது. சுமை தணிந்து சுற்று ஏறினால் மூடுகிறது. வரம்பு விதிக்கும் கருவிக்கு ஒரு திசைதான் தெரியும். இதற்கு இரண்டும் தெரியும். ‘கட்டுப்பாடு’ என்ற சொல் இவ்வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது, அதுவும் பொறியை வானில் தாங்கி நிற்கும் பாதியை.

ஏற்றவிசை சுழல்வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்று 10 விழுக்காடு குறைந்தால், அதே கோணத்தில் கிடைக்கும் ஏற்றவிசை 19 விழுக்காடு குறையும். வால் சுழலி முதன்மைச் சுழலியோடு பிணைக்கப்பட்டே சுழல்வதால் அதன் பிடியும் உடன் தளரும். வால் அலைவதைக் கண்டு ஜைரோவைத் திட்டுவோர் பலர். குற்றவாளி பல வேளைகளில் நிலைகுலைந்த சுழல்வேகமே.

‘அனுபவமுள்ள கை திராட்டில் வளைகோட்டைச் சரியாக அமைத்தால் போதும்’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். வளைகோடு என்பது முன்கூட்டிச் செய்த ஊகம்: இவ்வளவு கோணத்துக்கு இவ்வளவு திராட்டில் என்று தரையில் நின்று எழுதிவைத்த அட்டவணை. காலைக் குளிரில் எழுதிய அட்டவணைக்கு நண்பகல் வெயில் தெரியாது, எதிர்க்காற்றும் தெரியாது. இதில் பெட்ரோல் எஞ்சினின் குணமும் சேர்கிறது. அதன் கார்புரேட்டரிலுள்ள வண்ணத்துப்பூச்சி வால்வு முதற்பாதித் திறப்பிலேயே பெரும்பகுதி ஆற்றலைத் தந்துவிடும், பிற்பாதியில் சிறிதே தரும். அந்த நேர்விகிதமின்மையை நாலைந்து புள்ளிகளைக் கொண்டு வரைந்த கோடு முழுதும் பின்பற்ற இயலாது. கவர்னர் ஊகிப்பதில்லை. விசிறியிலோ சக்கரத்திலோ உள்ள காந்தம் உணரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணி, வேண்டிய சுற்றோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதமும் ஒன்று உண்டு. எரிபொருட்கலவை மெலிந்திருந்தால் எஞ்சினின் ஆற்றல் குறையும்; கவர்னரோ திராட்டிலை மேலும் திறந்து அக்குறையை மறைத்துவிடும்; பிஸ்டன் சூடேறி இறுகும்வரை நோய் வெளியே தெரியாது. இது முற்றிலும் உண்மை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் உயவு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், மெலிந்த கலவை இரட்டைக் கேடு. ஆனால் இவ்வாதம் வேலையின் வரிசையைப் பற்றியது: முதலில் கவர்னரை அணைத்துவைத்துக் கலவையைச் சரிசெய்ய வேண்டும், பிறகே அதை இயக்க வேண்டும். கவர்னரையே வேண்டாம் என்பதற்கு இதில் இடமில்லை.

மனிதர் ஏறிப் பறக்கும் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரும் பெட்ரோல் எஞ்சினில் இயங்குவதே. சுழல்வேகம் குறைந்து நேர்ந்த உயிர்ச்சேதங்களுக்குப் பின், அதில் கவர்னர் கட்டாயமாயிற்று. கருவி பழுதானாலோ, அவசரநிலைப் பயிற்சியின்போதோ தவிர, அதை அணைத்துவிட்டுப் பறக்க அதன் கையேடு அனுமதிப்பதில்லை. உரிமம் பெற்ற விமானியே நாணாமல் ஏற்றதை மைதானத்து வீரர் இழுக்கென்று கருதுவது விந்தை.

சொல்லின் வரலாறும் கடிவாளத்துக்குச் சான்று தரவில்லை. கவர்னர் என்பதன் வேர், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறித்த கிரேக்கச் சொல். 1868இல் மேக்ஸ்வெல் எழுதிய கட்டுரை, சில கவர்னர்கள் ஏன் நிலைகொள்ளாமல் ஊசலாடுகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தது. 1948இல் நார்பெர்ட் வீனர் தம் புதிய துறைக்கு அதே கிரேக்க வேரிலிருந்துதான் பெயரெடுத்தார். சுக்கான் பிடிப்பவன் கப்பலை நிறுத்துவதில்லை. காற்று இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திருப்புகிறான். அவனுக்குத் தமிழில் மீகாமன் என்ற பழஞ்சொல்லே உண்டு. (மாநிலத்து கவர்னர் ‘ஆளுநர்’ ஆனதால் இவ்வேர் தமிழில் மேலும் புதைந்தது. அவர் திறப்பவரா மூடுபவரா என்பது வேறு விவாதம்.)

குழப்பத்தின் பழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. வரம்பிடும் கருவியைக் கவர்னர் என்று அழைத்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விதியே. தமிழ் செய்தது, அக்குழப்பத்துக்கு விளக்கம்போல் ஒலிக்கும் பெயரைக் கொடுத்தது. புரியாத கடன்சொல் கேள்வி கேட்கத் தூண்டும். புரிந்ததுபோல் தோன்றும் மொழிபெயர்ப்போ கேள்வியையே அடைத்துவிடும். கலைச்சொல் தொகுப்போர் பேருந்துக் கருவிக்கு ‘வேக வரம்பி’ என்றும், ஹெலிகாப்டர் கருவிக்குச் ‘சுழல்வேக நிலைநிறுத்தி’ என்றும் தனித்தனியே பதியட்டும். அதுவரை மாணவர் ‘கவர்னர்’ என்றே எழுதட்டும். அதில் தீங்கு குறைவு.