சொல் நம்முடையது, படகு யாருடையது?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீமில் ஒருத்தன் வீடியோ காட்டினான். தாஹிட்டி பக்கம் ஏதோ தீவு. பச்சைக் கடல், நடுவில் ஒரு வெள்ளை காட்டமரான், அதில் வேலையை விட்டுவிட்டுப் பாய்மரம் ஏறிய ஒரு ஜோடி. பக்கத்தில் இருந்தவன் உடனே சொன்னான்: "காட்டமரான் தமிழ்ச் சொல்லுங்க, கட்டுமரம்!" மேசையில் எல்லாருக்கும் ஒரு நிறைவு.

நான் சூலூர்க்காரன். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்ப் பெரிய குளம்தான். 'நமக்கெதுக்கு கண்ணு கடலு' என்பார் அம்மா. கடல் பெருமை பேச எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. அதுதான் இப்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

முதலில் அந்தப் படகு. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது நம் கட்டுமரம். வீடியோவில் வந்தது இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்த படகு. அது பாலினீசியர்களின் அறிவு. அவர்கள் ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் போய்க் குடியேறியது அப்படிப்பட்ட படகுகளில். நம்முடையது பெயர் மட்டும், அதையும் வெள்ளைக்காரன்தான் எடுத்து அங்கே ஒட்டினான். 1976இல் 'ஹோக்கூலேயா' என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கருவிகள் இல்லாமல் போனது. விண்மீனையும் அலையையும் பார்த்து வழி சொன்னவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். ஹவாய்க்காரர்கள் பழம்பெருமையோடு நிற்கவில்லை. வித்தை தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்தார்கள்.

நம்மிடமும் ஆட்கள் இருந்தார்கள். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகில் பசிபிக் தீவுகள் வழியாக உலகைச் சுற்றினார். பின்னாளில் தாஹிட்டியிலேயே குடியேறினார். அதே மனிதர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வாங்கினார். அவ்வூர்த் தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. ராஜேந்திரனின் கடாரம் நமக்கு மனப்பாடம். அன்னபூரணியில் போனவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? ராஜா போனால் வரலாறு, தண்டையல் போனால் கூலி. இதுதான் நம் கணக்கு.

1934இல் கலாபகஸ் தீவில் குடல்வால் வெடித்து ராபின்சன் சாகக் கிடந்தார். அவர் ஒருத்தருக்காகப் பனாமாவிலிருந்து விமானமும் போர்க்கப்பலும் போயின. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை போய்ச் சேர முடியாத தூரம். கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின, உண்மைதான். ஆனால் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி அவர்கள் குடும்பங்கள் குழித்துறையில் ரயிலை மறிக்க வேண்டியிருந்தது.

பெருமைப்படுவது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமில்லைங்க. ஆனால் சொல்லுக்குப் பெருமைப்பட காசு வேண்டாம். ஆளைக் காப்பாற்றக் காசு வேண்டும். நடுக்கடலிலிருந்து இருவழியில் பேசும் கருவி எதுவும் விந்தை இல்லை, வீடியோவில் வந்த ஜோடியே கப்பல் மேல் உட்கார்ந்து இணையத்தில் பேசுகிறது. அது விடுமுறைக்காரனுக்குச் சாதாரணமாகவும் மீனவனுக்குச் சலுகையாகவும் இருப்பது தொழில்நுட்பக் கோளாறு அல்ல. யாருடைய உயிரைக் கணக்கில் வைக்கிறோம் என்பதுதான்.

அன்று வீடியோ முடிந்ததும், தூத்தூர் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "தூத்துக்குடிதானே?" என்றான் கட்டுமரம் சொன்னவன். சிரிக்க முடியவில்லை. ஒக்கிக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.